ஆறரை மணிச் சந்தையை வரைந்தவர்

மைதீன் பாய் இறந்துவிட்ட செய்தி எனக்கு ஷார்ஜாவிலிருந்து வந்தது. அவர் இறந்தது தென்காசியில். நான் குடியிருப்பது இலஞ்சியில். நடுவில் பைக்கில் பத்து நிமிடம். ஆனால் எங்கள் பக்கத்தில் ஒருவர் கண்ணை மூடினால் போன் முதலில் வளைகுடாவுக்குப் போகும். அங்கிருந்துதான் அடுத்த தெருவுக்குத் திரும்பி வரும். காலை பத்து மணிக்கு அவருடைய மகன் காதர் கூப்பிட்டான்.

"ஏட்டையா, வாப்பா மௌத்தாயிட்டாக. நான் இப்பக் கிளம்பினாலும் அடக்கத்துக்கு வந்து சேர முடியாது. எனக்குப் பதிலா நீங்க போய் நில்லுங்க" என்றான்.

போய் நின்றேன். மாலைத் தொழுகைக்குப் பிறகு அடக்கம் நடந்தது. எவ்வளவு தேய்த்தும் வலது கைக் கட்டைவிரல் நகக்கண்ணில் இருந்த பச்சைப் பெயிண்ட் போகவில்லை என்று குளிப்பாட்டியவர்கள் சொன்னார்கள். போகாது. அது முட்டைக்கோஸ் பச்சை. அந்தப் பச்சை அங்கே ஏறியதற்கு நான்தான் காரணம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

திரும்பி வரும்போது பேருந்து நிலையத்துக்கு எதிரே கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள். பாயின் படத்துக்குப் பின்னால் நுரை தள்ளிக்கொண்டு குற்றாலம் பேரருவி. கீழே 'அருவி ஓவியர்' என்று பட்டம். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. பைக்கை நிறுத்தி, கயிறு கட்டிக்கொண்டிருந்தவனிடம், இந்த மனுசன் அருவியை எங்கலே வரைந்தார் என்று கேட்டேன். அவன் பாவம், கூலிக்குக் கட்டுகிறவன், திருதிருவென்று விழித்தான். அவனிடம் கேட்டுப் பயனில்லை என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். அவரைத் தெரிந்தவர்கள் தப்பாகத் தெரிந்து வைத்திருக்கிறீர்கள். தெரியாதவர்கள் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். சேகு மைதீன் என்கிற மைதீன் பாய் அறுபத்தெட்டு வயது வரை வாழ்ந்தார். அருவிக்கு அரைமணி தூரத்தில் பிறந்து வளர்ந்தார். அதை ஒருதடவைகூட வரையவில்லை.

முதன்முதலில் நான் அவரிடம் போனதே அவரை விரட்டத்தான். அப்போது நான் தலைமைக் காவலர். சீசன் வந்தால் எனக்குப் பேரருவியில்தான் பந்தோபஸ்து. சாரல் அடித்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளியூர்க்காரர் ஒருவர் ஓடிவந்து, பெண்கள் குளிக்கிற பக்கம் ஒரு ஆள் உட்கார்ந்து படம் வரைகிறான் என்று புகார் சொன்னார். விசிலை ஊதிக்கொண்டே போனேன். கைலி கட்டிய ஒரு மனிதர் குடையைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, முட்டியில் நோட்டை வைத்து மும்முரமாக இருந்தார். நோட்டைப் பிடுங்கினேன். கை ஓங்கினேன் என்பதையும் மறைக்கவில்லை.

நோட்டில் ஒரு பெண்கூட இல்லை. அருவியும் இல்லை. இருந்தவர்கள் எல்லாரும் அருவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காத்து நின்ற ஆண்கள். ஒருவர் கையில் பெண்டாட்டியின் கைப்பை, தோளில் மூன்று துண்டு, பல்லிடுக்கில் ரூம் சாவி. இன்னொருவர் ஐந்து ஜோடிச் செருப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு குரங்கைப் பார்த்து மிரண்டு நிற்கிறார். எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் ஆள் கிடைக்காமல் தன் முழங்காலுக்கே தேய்த்துக்கொள்கிறார். ஓரத்தில் ஒரு போலீஸ்காரர். தொப்பி நனையாமல் இருக்க அதன் மேல் ஜவுளிக்கடைப் பிளாஸ்டிக் பையை மாட்டியிருக்கிறார். வயிறு ஒரு அடி முன்னால் நிற்கிறது. நான்தான்.

அருவி எங்கே வே என்று அதட்டினேன்.

"அது அங்கனயேதான் இருக்கும் ஏட்டையா, எவன் தூக்கிட்டுப் போகப்போறான். இந்த ஆளுவ நாலு மணி பஸ்ஸுக்குப் போயிருவாங்க" என்றார்.

சிரிப்பு வந்துவிட்டது. உத்தியோகத்துக்கு அது அழகில்லை என்று படத்தை உற்றுப் பார்ப்பது போல் பாவனை செய்தேன். தலைமைக் காவலருக்குச் சட்டைக் கையில் பட்டை மூன்று. அவர் இரண்டுதான் போட்டிருந்தார். அதைச் சொன்னதும் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டு, அந்த இடத்திலேயே மூன்றாவது பட்டையைப் போட்டார். அந்தத் தைரியத்தில், வயிறும் கொஞ்சம் அதிகம் என்றேன். பென்சிலை எடுத்துக் காதில் செருகிக்கொண்டார்.

"சாமான் தப்பா இருந்தா சொல்லும், உடனே மாத்துதேன். ஆளு நல்லால்லன்னு மட்டும் சொல்லாதீரும். அது நீரு கொண்டுவந்தது."

அன்றைக்கு ஆரம்பித்த பழக்கம் அவரை மண்ணில் இறக்கும் வரை நீடித்தது.

மைதீன் பாய் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். இருபது வயதுக்குக் கொஞ்சம் மேலே, கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலைக்கு வளைகுடா போனார். கூடப் போனவர்கள் உயரமான கட்டடங்களைப் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இவர், சாமான் வந்து இறங்குகிற பெட்டிகளைப் பிரித்து, அந்தப் பிளைவுட் பலகையில், மிச்சம் விழுந்த பெயிண்டை வைத்து, தன்னோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர்களை வரைந்தார். நிரந்தரமாக ஊர் திரும்பிய அன்றைக்கு அவர் மனைவி ரஹ்மத் பீவி அத்தர் இருக்கும், போர்வை இருக்கும் என்று பெட்டிக்குள் கையை விட, பனியன் போட்ட எட்டு ஆண்கள் சுற்றி உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிற பலகை வந்ததாம். மூன்று நாள் அந்த அம்மா அவரோடு பேசவில்லை. நான்காம் நாள் தானாகவே வந்து, அந்த எட்டுப் பேரில் ஒருவர் சுரண்டைக்காரர் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அவர் வீட்டுக்காரிக்கு இதைக் காட்டினீர்களா என்று விசாரித்திருக்கிறார். அந்த வாரமே இருவரும் பலகையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் போனார்கள். சுரண்டைக்காரரின் மனைவி வெகுநேரம் பார்த்துவிட்டு, இவருக்கு வெங்காயம் உரிக்கத் தெரியுமா என்று கேட்டு அழுதிருக்கிறார். அழுது முடித்து, அவருக்கு இடது கைப் பழக்கம், கத்தியை வலது கையில் கொடுத்திருக்கிறீர்கள் என்றும் சொல்லியிருக்கிறார். பாய் வீடு திரும்பி முதல் வேலையாகக் கத்தியை இடது கைக்கு மாற்றினார்.

அதற்குப் பிறகு அதையே வழக்கமாக்கிக்கொண்டார். ஒரு படம் முடிந்தால், எந்த இடத்தை வரைந்தாரோ அந்த இடத்திலேயே கொண்டுபோய் ஒரு நாள் முழுக்கச் சுவரில் சாய்த்து வைப்பார். பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்காருவார். படத்தில் இருக்கிறவர்கள் வந்து பார்த்துத் தப்புச் சொல்ல வேண்டும். பேருந்து நிலையத்தில் வைத்த படத்தைப் பார்த்துவிட்டு ஒரு கண்டக்டர், சுரண்டை வண்டிக்கு அந்த ஜன்னலில் கண்ணாடியே கிடையாது என்றார், பாய் கண்ணாடியை எடுத்தார். வீரகேரளம்புதூர் தாலுகா ஆபீஸில் மனு எழுதுகிறவர், தலைமுடியைக் கறுப்பாக்கித் தரும்படி ரொம்பவும் மன்றாடினார், அது நடக்கவில்லை. ஆனால் அவர் மேஜையில் பசைப் புட்டி விட்டுப்போனதைச் சொன்னபோது பாய்க்கு வெட்கமாகிவிட்டது. வாழ்த்துச் சொன்னால் காதில் வாங்காத மனிதர், ஒரு பசைப் புட்டிக்காக ராத்தூக்கம் கெட்டுக் கிடந்தார்.

உருவம் வரையலாமா என்று அவரிடம் கேட்டவர்களும் தெருவில் உண்டு. யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. வீட்டுக்குள் ஒரு படமும் மாட்டவில்லை. தறி இருந்த அறையில் எல்லாவற்றையும் சுவரைப் பார்த்துத் திருப்பி அடுக்கினார். வரைவதை மட்டும் நிறுத்தவில்லை. குற்றாலத்தில் ஒரு விடுதிக்காரர் ஆள் அனுப்பி, வரவேற்பறைக்குப் பெரிதாக ஒரு அருவி வேண்டும், என்ன கேட்டாலும் தருகிறேன் என்றார். பாய் நேரில் போய் அந்த அறையைப் பார்த்தார். அருவி வேண்டுமென்றால் எதிரே இருக்கிற ஜன்னலைத் திறங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். இவரைப் போய் அருவி ஓவியர் என்று போட்டால் எனக்குக் கோபம் வருமா வராதா?

இனி சந்தைக்கு வருகிறேன்.

தென்காசியில் நான் காய்கறி வாங்குகிற சந்தையின் முகப்பில் வியாபாரிகள் சங்கம் நீளமாக ஒரு சுவர் எழுப்பியது. சந்தையைத் தத்ரூபமாக அதில் வரைந்து தர வேண்டும் என்று பாயிடம் கேட்டார்கள். நான் அந்தச் சங்கத்துக்கு ஆலோசகர். ஓய்வுபெற்ற போலீஸ்காரனைச் சும்மா விடக்கூடாது என்று யாரோ கொடுத்த பதவி. பாய் சாரம் கட்டி, மூச்சு வாங்க வாங்க ஏறி இறங்கி, இரண்டு மாதத்தில் முடித்தார். படத்தில் காலை எட்டரை மணி. டீக்கடைக் கடிகாரமே அதைக் காட்டுகிறது. இடது பக்கம் வாழைத்தார் மண்டியில் சங்கத் தலைவர் நாற்காலியில் சாய்ந்திருக்கிறார். அவர் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் அதையும் பலகையாக மாட்டிக்கொள்வார். வலது பக்கம் நான் பையோடு நின்று முருங்கைக்காய்க்குப் பேரம் பேசுகிறேன். நட்டநடுவில், டீக்கடை பெஞ்சில், துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்து கண்ணாடிக் கிளாஸில் டீ குடிக்கிறார் பேச்சியம்மாள். சந்தையைத் தினமும் கூட்டிச் சுத்தம் செய்கிறவர்.

வழக்கம்போலப் பகலெல்லாம் தப்புக் கேட்டார். தராசு, சாக்கு, விலைப்பலகை என்று ஏகப்பட்ட திருத்தம் சொன்னார்கள், எல்லாவற்றையும் மாற்றினார். சாயங்காலம் தலைவர் வந்தார். எல்லாம் பிரமாதம், அந்தப் பொம்பளை மட்டும் நடுவில் எதற்கு என்றார். கூட நின்றவர்கள் தலையாட்டினார்கள். ஓரத்துக்குத் தள்ளலாம், முன்னால் ஒரு வெங்காய மூட்டை வைத்து மறைக்கலாம், பூக்காரியாக மாற்றிவிடலாம் என்று ஆளுக்கொரு யோசனை. பாய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். இதில் எது தப்பான சாமான் என்று மட்டும் கேட்டார். அவருடைய சிநேகிதன் என்பதால் பேசி வழிக்குக் கொண்டுவரும் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள்.

நான் செய்ததை உள்ளபடியே எழுதிவிடுகிறேன். மாட்டேன் என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சாட்சியின் வாக்குமூலத்தில் ஓட்டை தேடியே முப்பது வருடம் சம்பளம் வாங்கியவன் நான். சுவரில் ஓட்டை தேடினேன், கிடைத்தது. துப்புரவு வேலை செய்கிறவர்கள் ஏழு மணிக்குள் சந்தையை முடித்துவிட்டுத் தெருக்களுக்குப் போய்விடுவார்கள். எட்டரைக்குப் பேச்சியம்மாள் அங்கே இருக்க முடியாது. சங்கத்தில் இதைச் சொன்னபோது என் முதுகைத் தட்டிக்கொடுத்தார்கள். அந்தப் பெருமையோடேயே பாயிடம் போய், உம்முடைய சட்டப்படியே உம் படம் தப்பு என்றேன்.

அவர் என்னோடு வாதாடவில்லை. மூன்று நாள் காலையில் சந்தைக்குப் போய்ப் பார்த்தார். பிறகு இலஞ்சிக்கே என்னைத் தேடி வந்தார்.

"நீரு சொன்னது சரிதான் ஏட்டையா. எட்டரைக்கு அந்தம்மா அங்கன இல்ல. ஆறரைக்குத்தான் இருக்கா. மாத்திருதேன்."

சங்கத்தில் அன்றைக்கு எல்லாருக்கும் லட்டு கொடுத்தார்கள். நானும் ஒன்று தின்றேன்.

பாய் சுவரைத் தார்ப்பாய் போட்டு மூடிக்கொண்டு மறுபடி சாரம் ஏறினார். ஒரு பெண்ணை அழிக்க ஒரு நாள் போதும். ஒரு வாரம் ஆயிற்று, ஒரு மாதம் ஆயிற்று, இரண்டாவது மாதமும் ஆயிற்று. தார்ப்பாய்க்குள்ளிருந்து இருமல் சத்தம் கேட்கும். இரண்டு தடவை நான்தான் டாக்டரிடம் கூட்டிப்போனேன். பெயிண்ட் வாடையே ஆகாது, ஓய்வு எடுங்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். அப்படி என்னதான் செய்கிறீர் என்று நான் கேட்டதற்கு, நீர் சொன்ன திருத்தத்தைத்தான் செய்கிறேன் என்றார். ரஹ்மத் பீவி என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது.

திறந்த அன்றைக்கு விடியற்காலையிலேயே வரச் சொல்லியிருந்தார். நான் வந்து சேர ஏழு மணியானது. சுவரைப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டேன். அவர் பெண்ணை அழிக்கவில்லை. மணியை மாற்றியிருந்தார். சந்தை முழுவதையும் ஆறரை மணிக்குக் கொண்டுபோயிருந்தார். கடிகாரத்தில் ஆறரை. டியூப் லைட்டுகள் இன்னும் அணையவில்லை. வெயில் கூரை ஓட்டின் நுனியை மட்டும் தொடுகிறது. ஒவ்வொரு நிழலையும் நீட்டித் திருப்பிப் போட்டிருக்கிறார். லாரியிலிருந்து மூட்டை இறங்குகிறது. முக்கால்வாசிக் கடைகளுக்கு ஷட்டர் இறங்கியிருக்கிறது. வாழைத்தார் மண்டியில் நாற்காலியை மேஜைமேல் கவிழ்த்து வைத்திருக்கிறது. தலைவர் இல்லை, அவர் கடைக்கு வருவது எட்டுக்கு. நான் பையோடு நின்ற இடத்தில், கூட்டிக் குவித்த முட்டைக்கோஸ் இலை; அவர் நகக்கண்ணில் ஏறிய பச்சை அதுதான். நடுவில் பேச்சியம்மாள் ஒரு அங்குலம்கூட நகராமல் அதே பெஞ்சில் டீ குடிக்கிறார்.

என்னையும் எடுத்துவிட்டீரே என்று கேட்டேன். குரல் எனக்கே நன்றாயில்லை.

"ஆறரைக்கு நீரு எங்கன இருப்பீரு?"

வீட்டில் என்றேன்.

"பின்னே?" என்றார்.

நான் வருவதற்கு முன்பே அங்கே இன்னொன்று நடந்திருந்தது. அதை டீக்கடைக்காரரும் சுமை இறக்குகிறவர்களும் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். முதல் படத்துக்குப் பகலில் தப்புக் கேட்டதால் பேச்சியம்மாளிடம் யாருமே கேட்கவில்லை. இந்த முறை ஆறரைக்கே கேட்டதால் அவரும் வந்து நின்று பார்த்திருக்கிறார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு பாய். டீ மட்டும் எனக்குக் கிளாஸ்ல தரமாட்டாவ. பேப்பர் கப்புதான்" என்று சொல்லியிருக்கிறார்.

புகாராகச் சொல்லவில்லையாம். மற்றவர்கள் தராசைச் சொன்னதுபோல, சாக்கைச் சொன்னதுபோலச் சொன்னாராம். பாய் டீக்கடைக்காரரைப் பார்த்தார். கடைக்காரர் மறுக்கவில்லை. பாய் வெள்ளைப் பெயிண்டை எடுத்து அங்கேயே கிளாஸைப் பேப்பர் கப்பாக மாற்றத் தொடங்கினார். இது சின்ன விஷயம், படத்திலாவது கிளாஸாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று கடைக்காரர் கெஞ்சினார். நான் போய்ச் சேர்ந்தபோது பாயின் பதிலை மட்டும் என் காதால் கேட்டேன்.

"நீரு கடையில மாத்தும். மறுநிமிசம் நான் சுவத்துல மாத்துதேன்."

அவரை வீட்டுக்குக் கூட்டிப்போகிற வழியில், இருபது வருடமாக இந்தக் கடையில் டீ குடிக்கிறேன், இதைப் பார்க்காமல் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று கேட்டார். பெஞ்சில் உட்கார்ந்தவர் கையில் கிளாஸ்தான் இருக்கும் என்று தானாக நினைத்துக்கொண்டு வரைந்திருக்கிறார். அவர் வாழ்க்கையில் வரைந்த எத்தனையோ படங்களில் இந்த ஒரு தப்புதான் அவரை உட்காரவைத்துவிட்டது. அதற்குப் பிறகு பதினோரு நாள், தினமும் ஆறரைக்கு, சட்டைப் பையில் ஒரு சின்னப் பிரஷ்ஷோடு சந்தைக்குப் போனார். பேச்சியம்மாள் கையைப் பார்ப்பார். திரும்பி வருவார். பன்னிரண்டாம் நாள் அவரால் எழுந்திருக்க முடியவில்லை.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் சங்கத்தில் இரங்கல் கூட்டம். அந்தச் சுவருக்கு முன்னாலேயே, காலை பதினோரு மணிக்கு. தலைவர் உருக்கமாகப் பேசினார். பாய் கடைசியில் உடம்பும் மனதும் நிதானத்தில் இல்லாமல் செய்த மாற்றங்கள் அவர் புகழுக்கே இழுக்கு என்றார். பழைய எட்டரை மணிப் படம் போட்டோவாகத் தன்னிடம் இருக்கிறது, தேவையில்லாததை நீக்கி, சுவர் அளவுக்குப் பிளக்ஸ் அடித்து ஒட்டுவதுதான் அந்த மாமனிதருக்குச் செய்கிற மரியாதை என்றார். கைதட்டினார்கள். மேடையில் எனக்கு மரியாதையாக ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். போட்டோவில் என் முருங்கைக்காயும் பத்திரமாக இருக்கும், யோசித்துப் பாருங்கள் என்று பக்கத்தில் இருந்தவர் காதில் சொன்னார்.

எழுந்தேன். நிதானம் இல்லாதவர் யார் என்று முதலில் கேட்டேன். இரண்டு மாதம் ஒவ்வொரு நிழலாகத் திருப்பிப் போட்டவரா, ஒரு கிழவியைப் பார்க்கப் பொறுக்காமல் சுவருக்குப் பிளக்ஸ் சுற்றுகிறவர்களா? பிறகு சொன்னேன்.

"படத்துல ஒரு சாமான் தப்புன்னு காட்டுங்க, நானே வெள்ளை அடிக்கேன். ஆனா பதினோரு மணிக்கு நின்னுக்கிட்டு ஆறரை மணிப் படத்தைச் சரிபாக்க முடியாது. நாளைக்குக் காலைல ஆறரைக்கு எல்லாரும் வாங்க. தலைவரும் வரட்டும்."

அத்தனை பேர் முன்னால் மறுத்தால் என்னவாவது? தலைவர் தாராளமாக வருகிறேன் என்றார்.

அன்றிரவு ஐந்து மணிக்கு அலாரம் வைத்துப் படுத்தேன். ஒரு தராசுக் கல் மாறியிருந்தாலும் பாயின் படம் போய்விடும் என்று நினைத்தேன். மறுநாள் ஆறேகாலுக்குச் சந்தையில் நின்றேன். என் வாழ்நாளில் அந்நேரத்துச் சந்தையைப் பார்த்தது அன்றைக்குத்தான். சங்கத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர் மப்ளரைச் சுற்றிக்கொண்டு வந்தார்கள். காதருக்கு ஷார்ஜாவில் மணி ஐந்து, வீடியோவில் வந்தான். அவனுக்குச் சுவரையும் சந்தையையும் மாற்றி மாற்றிக் காட்டினேன். லாரி வந்தது. மூட்டை இறங்கியது. டியூப் லைட்டுகள் எரிந்தன. கூரை நுனியில் வெயில் பட்டது. சங்கத்துக்காரர்கள் சுவரையும் கடைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்தார்கள்.

மணி ஆறரை. தலைவரைக் காணோம். ஆறு நாற்பது. போன் போட்டார்கள். வீட்டம்மாள் எடுத்து, இன்னும் எழுந்திருக்கவில்லை, எழுந்ததும் சொல்கிறேன் என்றார். எல்லாரும் வாழைத்தார் மண்டியைத் திரும்பிப் பார்த்தார்கள். மேஜைமேல் நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. சுவரைப் பார்த்தார்கள். அங்கேயும் கவிழ்ந்து கிடந்தது. வெங்காயக் கடைக்காரர்தான் முதலில் சிரித்தார்.

"அண்ணாச்சி படத்துலயும் இல்ல, இங்கனயும் இல்ல. படம் சரியாத்தான்வே இருக்கு."

அங்கேயே ஒரு தாளில் எழுதினோம்: படத்தில் தப்பு எதுவும் இல்லை, சுவரில் யாரும் கை வைக்கக் கூடாது. வந்தவர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். தாள் என்னிடம் இருக்கிறது. சங்கத்து விழா மலரில் போட ஒரு பக்கத்துக்கு அஞ்சலி கேட்டிருக்கிறார்கள். இதுதான் அது. போட்டால் முழுதாகப் போடட்டும், இல்லாவிட்டால் ஜெராக்ஸ் எடுத்து அந்தச் சுவருக்குப் பக்கத்திலேயே ஒட்டுவேன்.

கையெழுத்து முடிந்ததும் டீ வந்தது. சங்கத்துக்காரர்களுக்குக் கிளாஸில் வந்தது. எனக்குக் கிளாஸில் வந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த பேச்சியம்மாளுக்குப் பேப்பர் கப்பில் வந்தது. கொடுத்தவர் சுவர்ப் பக்கம் திரும்பவே இல்லை. பேச்சியம்மாள் ஊதி ஊதிக் குடித்தார். என் கையில் இருந்த டீயை நான் குடிக்கவில்லை.

மைதீன் பாய், சாமான் எல்லாம் நீர் வரைந்தபடியே சரியாகத்தான் இருக்கிறது. எனக்கு ஆத்திரமே அதுதான். உமது சின்னப் பிரஷ்ஷை ரஹ்மத் பீவியிடம் ஆள் அனுப்பிக் கேட்டேன். கொடுத்தனுப்பினார்கள். எனக்கு ஒரு கோடுகூட நேராக வராது என்பது உமக்குத் தெரியும். ஆனாலும் ஒரு கப்பைக் கிளாஸாக்கிவிடுவேன். அந்தக் கடையில் அது மாறுகிற அன்றைக்கு மாற்றுவேன், அதற்கு ஒரு நாள் முன்னால்கூட மாற்ற மாட்டேன். அதுவரைக்கும் தினமும் ஆறரைக்கு அங்கே நிற்பேன். நிம்மதியாகப் போய் வாரும்.